வாசர் போட்ட தம்பிக்கும் ஓட்டையை அடைக்கப்போகும் குழுவுக்கும்

 

நீண்ட பதிவு, முதலே சொல்லிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தாலும் போதும்.

சந்தியில் நிற்கிற தண்ணி மெசினைப் பற்றித்தான் கதை. பத்து ரூபாக் குத்தி ஒன்றைப் போட்டால் ஐந்து லீற்றர் சுத்திகரித்த தண்ணீர். வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஊர் ஆட்கள் காசு சேர்த்துப் பூட்டித் தந்தது. போன மாதம் காசுப் பெட்டியைத் திறந்து எண்ணினபோது குத்திகளோடு ஒரு கையளவு இரும்பு வாசரும், விளிம்பு அராவின பழைய இரண்டு ரூபாக் குத்திகளும் கொட்டுப்பட்டன. அடுத்த கிழமை ஒரு பொடியன் அப்படி அராவின குத்தியைப் போட்டுத் தண்ணி பிடிக்கிறதை வீடியோ எடுத்து முகநூலில் போட்டான். சிரித்துக் கண்ணீர் விடுகிற மஞ்சள் முகங்கள் நூற்றுக்கணக்கில். அதைப் பார்த்த பராமரிப்புக் குழு, இனிக் காசு ஓட்டையை அடைத்துவிட்டு கார்ட் மட்டும் என்று முடிவெடுக்கப் போகிறது.

எனக்கு இரண்டு பக்கத்தோடும் சண்டை.

நான் கணக்குப் படிப்பிக்கிறவன். அதனால் கணக்கில் தொடங்குகிறேன். பழைய இரண்டு ரூபாக் குத்தியின் விட்டம் 28.5 மில்லிமீற்றர். பதினொரு பக்கம் உள்ள பத்து ரூபாக் குத்தி 26.4 மில்லிமீற்றர். பெறுமதியில் ஐந்தில் ஒன்று, ஆனால் உடம்பில் பெரியது. இந்த விசித்திரத்தை எங்கட பொடியள் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். விட்டத்தில் இரண்டு மில்லிமீற்றர் தேய்த்துவிட்டால் மெசின் அதைப் பத்து ரூபா என்று நம்பிவிடும். (வகுப்பில் விட்டத்துக்கும் ஆரைக்கும் வித்தியாசம் கேட்டால் கூரையைப் பார்க்கிற ஆட்கள்தான் இவர்கள்.) ஒருவனைப் பிடித்துக் கேட்டேன்: "ஒரு குத்தி அராவ எவ்வளவு நேரம் போகும்?" "அரை மணித்தியாலம் வரும் சேர்." லாபம் எட்டு ரூபா. அப்படியென்றால் மணித்தியாலத்துக்குப் பதினாறு ரூபா. காலை எட்டு மணிக்கு அரத்தைப் பிடித்தால் பின்னேரம் நாலு மணிக்கு 128 ரூபா. யாருடைய வயலிலாவது களை பிடுங்கப் போனால் இதைப்போலப் பல மடங்கு கையில் கிடைக்கும், மத்தியானச் சோறும் கிடைக்கும்.

ஆகவே "வறுமையில செய்யிறாங்கள் சேர், விடுங்கோ" என்று பின்னூட்டம் போட்டவர்கள் தயவுசெய்து அந்தக் கதையை நிறுத்துங்கள். வறுமையில் இருக்கிறவர் அரம் தேய்த்துக்கொண்டு இருக்க மாட்டார், அவருக்கு நேரம் இல்லை. இது கெட்டித்தனம் காட்டுகிற விளையாட்டு. அந்தக் கெட்டித்தனத்துக்குக் கை தட்டுகிறவர்கள் நாங்கள், பெரிய ஆட்கள்.

அந்த வீடியோவுக்குக் கீழே வந்த கதைகளை ஒருக்கால் வாசியுங்கள். லண்டனில் இருந்து ஒரு அண்ணை எழுதுகிறார், எண்பதுகளில் போன் பெட்டிக்கு நூல் கட்டின காசை இறக்கி இழுத்து மணித்தியாலக் கணக்கில் கதைத்தாராம். இன்னொருவர், வாடகை அறையில் காசு போட்டால் எரியிற காஸ் மீற்றரை எப்படிப் பேய்க்காட்டினார் என்று விபரமாகச் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் இதயக் குறி. "அண்ணை அப்பவே விஞ்ஞானி." குளிர் நாட்டில், ஆள் அறிமுகம் இல்லாமல், விசாவுக்கு வழி தெரியாமல் நின்ற ஒரு இளந்தாரி மீற்றருக்கு என்ன செய்தான் என்று நான் இங்கே இருந்து தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது அவருக்கும் படைத்தவனுக்கும் இடையில் உள்ளது. ஆனால் நாற்பது வருடத்துக்குப் பிறகு, வீடும் காரும் வந்த பிறகு, அதை ஒரு வீரக் கதையாக இங்கே இருக்கிற பதினைந்து வயதுப் பொடியனுக்குச் சொல்கிறது என்ன நியாயம்? அண்ணை, அந்த மெசினுக்கு நீங்களும்தான் காசு தந்தீர்கள். உங்கட கதையைக் கேட்டு அதே மெசினுக்கு வாசர் போடுகிறான். உங்கட ஒரு கை தந்ததை உங்கட மற்றக் கை எடுக்கிறது.

இதில் எல்லாரும் சொல்கிற ஒரு நியாயம் இருக்கிறது: "மெசின்தானே." ஆள் இல்லை, முகம் இல்லை, அழாது, ஏசாது. கடைக்கார அம்மாவின் கண்ணுக்கு முன்னால் வாசரை நீட்ட எவனுக்கும் துணிவு வராது. இரும்புப் பெட்டிக்கு நீட்டலாம். ஏனென்றால் அது ஒரு கம்பனியின் பெட்டி, அல்லது அரசாங்கத்தின் பெட்டி, அல்லது யாரோ ஒருவரின் பெட்டி. சரி, எங்கட பெட்டி யாருடையது? வடிகட்டி மாற்றுகிற காசு அதில் இருந்துதான் வருகிறது. மோட்டர் கரண்ட் பில் அதில் இருந்துதான் போகிறது. வாசர் விழுந்த ஒவ்வொரு முறையும் அந்த ஐந்து லீற்றருக்குக் காசு கட்டினது, அவருக்குப் பிறகு கானோடு வரிசையில் நின்ற ஆள்தான்.

காசு போட்டு இயங்குகிற மெசின் புதுச் சாமான் இல்லை. உலகத்தில் பதிவாகியிருக்கிற முதல் காசு மெசினே தண்ணீர் கொடுத்த மெசின்தான். முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோன் என்ற பொறியியலாளர் கோயிலுக்கு வருகிறவர்களுக்காக ஒன்றை விபரித்து எழுதி வைத்திருக்கிறார். ஐந்து திராக்மாக் காசை மேலே உள்ள வெட்டில் போட்டால் அது உள்ளே ஒரு தட்டில் விழும். பாரத்தில் தட்டுச் சரியும். தட்டுப் பூட்டியிருக்கிற நெம்புகோலின் மற்ற முனை மேலே எழும்பி அடைப்பானைத் தூக்கும். தீர்த்தம் வரும். தட்டில் இருந்து காசு வழுக்கி விழுந்ததும் அடைப்பான் பழையபடி மூடிக்கொள்ளும். தரம் பத்துப் பிள்ளைகளுக்கு நெம்புகோல் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் அந்த மெசினுக்குத் தெரிந்தது பாரம் ஒன்றுதான். அதே பாரத்தில் ஒரு கூழாங்கல்லைப் போட்டாலும் தீர்த்தம் கொடுத்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த காசு மெசின்களின் வரலாறு முழுக்க இந்தக் கல்லுக்கும் தட்டுக்கும் இடையில் நடந்த இழுபறிதான். அகலத்தைப் பார்க்க அளவான வெட்டு வைத்தார்கள். பாரத்தைப் பார்க்கச் சின்னத் தராசு வைத்தார்கள். இரும்புத் துண்டைப் பிடிக்கக் காந்தம் வைத்தார்கள். நூல் கட்டி இழுக்கிறவனுக்கு நூலை அறுக்கிற பல்லு வைத்தார்கள். இப்போது நல்ல மெசின்களில் காசு உருளும் வழியில் மின்சுருள் இருக்கும். எந்த உலோகம், எவ்வளவு தடிப்பு என்று தொடாமலே பார்க்கும்.

எங்கட சந்தி மெசினில் இருக்கிறது வெட்டும் தராசும்தான். அதில் காந்தம் வைத்தாலும் பிரயோசனம் இல்லை. ஏன் தெரியுமா? 2005இல் எங்கட மத்திய வங்கி செம்பு நிக்கல் குத்தியைக் கைவிட்டு, பூச்சுப் பூசின உருக்குக்கு மாறியது. உலோக விலை ஏறியதுதான் காரணம். அதனால் காந்தத்தை வைத்தால் வாசரும் ஒட்டும், எங்கட அரசாங்கத்தின் குத்தியும் ஒட்டும். வகுப்பில் செய்து காட்டினேன். 2005க்கு முந்தின இரண்டு ரூபா ஒட்டாது, பிந்தினது ஒட்டும். பின் வாங்கில் இருந்து ஒருவன் சொன்னான், "அப்ப சேர், அரசாங்கமே வாசர்தான் அடிச்சிருக்கு." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

இதே கருத்தைக் கோபமாகவும் ஒருவர் எழுதியிருந்தார். 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாச் சொச்சத்தில் இருந்து 360க்குப் போனதே, எங்கட சேமிப்பை அராவினது யார்? அதைக் கேட்க ஆள் இல்லை, ஒரு பொடியன் எட்டு ரூபா அராவினதுக்கு வாத்தியார் பதிவு போட வந்திட்டார். நல்ல கேள்வி. அந்த அராவலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை என்பதில் எனக்கும் அவருக்கும் ஒரு சொல்லுக் கூட வித்தியாசம் இல்லை. ஆனால் தம்பி, கொழும்பில் இருக்கிற கணக்கை உருத்திரபுரத்துத் தண்ணிப் பெட்டியில் தீர்க்க முடியாது. மத்திய வங்கி எங்கட ஓட்டையில் தண்ணி பிடிக்கிறதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காசு மெசினை ஏமாற்றினால் மெசினுக்கு என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. அது வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். பட்டினி கிடக்கிறது நல்ல காசோடு வருகிறவன்.

இதற்கு ஜப்பானில் நடந்ததைப் போல ஒரு பாடம் வேறு எங்கும் இல்லை. 1982இல் ஜப்பான் 500 யென் குத்தி வெளியிட்டது. அதே வருடம் பக்கத்து நாடான தென் கொரியா 500 வொன் குத்தி வெளியிட்டது. இரண்டும் 26.5 மில்லிமீற்றர். இரண்டும் ஒரே செம்பு நிக்கல் கலவை. யென் 7.2 கிராம், வொன் 7.7 கிராம். அரைக் கிராம்தான் இடைவெளி. ஆனால் பெறுமதியில் வொன் யென்னின் பத்தில் ஒன்றுக்குக் கிட்ட, சில காலம் அதற்கும் கீழே. ஜப்பானில் சந்திக்குச் சந்தி விற்பனை மெசின். பிறகு என்ன, தொண்ணூறுகளின் பின்பகுதியில் வொன் குத்தியின் முகத்தில் சின்னக் குழி துளைத்து அந்த அரைக் கிராமை எடுத்துவிட்டார்கள். எங்கட பொடியள் விளிம்பை அராவினார்கள், அங்கே முகத்தைத் துளைத்தார்கள்.

அதைவிடப் பெரிய கெட்டித்தனம் அடுத்தது. துளைத்த வொன்னைப் போட்டுப் பானம் வாங்குகிறதில்லை. போட்டுவிட்டு, "காசைத் திருப்பித் தா" என்கிற பொத்தானை அழுத்துவது. மெசின் போட்ட குத்தியையே திருப்பித் தராது, உள்ளே அடுக்கி வைத்திருக்கிற ஒரு நல்ல 500 யென் குத்தியைத் தரும். கள்ளக் குத்தி உள்ளே, நல்ல குத்தி பொக்கற்றுக்குள். தாகம்கூட இல்லை.

நடந்தது என்ன? பல மெசின்கள் 500 யென்னையே வாங்க மறுத்தன. கள்ளக் குத்தியை மட்டும் மறுக்கத் தெரியாத மெசின் எல்லாக் குத்தியையும் மறுத்தது. உழைத்த காசோடு போய் நின்ற ஜப்பான்காரர் வெறுங்கையோடு திரும்பினார். 2000இல் ஜப்பான் கலவையை மாற்றிப் புதுக் குத்தி அடித்தது. 2021இல் மறுபடியும் மாற்றி, இரண்டு நிற உலோகத்தில் அடித்தது. அந்தப் புதுக் குத்தியையும் நாட்டில் உள்ள பல மெசின்கள் உடனே ஏற்கவில்லை. அரைக் கிராம் துளைத்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். கடைசியில் நட்டப்பட்டது குத்தியை நம்பி வந்த ஆள்.

இங்கிலாந்திலும் இதே கதைதான், மெசினை விடப் பெரிய அளவில். வட்டமான பழைய ஒரு பவுண் குத்தியில் நூற்றுக்கு மூன்று அளவில் கள்ளக் குத்தி என்று அவர்களின் நாணயச் சாலையே கணித்தது. 2017 மார்ச்சில் பன்னிரண்டு பக்கக் குத்தி வந்தது. அந்த ஒக்டோபர் 15க்குப் பிறகு பழைய பவுணைக் கடையில் கொடுக்க முடியாது. முட்டியில் சேர்த்து வைத்த கிழவிகள் வங்கிக்கு அலைந்தார்கள். லண்டன் அண்ணைமாருக்கு ஞாபகம் இருக்கும்.

இத்தாலிக் கதை எங்கட கடைக்காரருக்கு. எழுபதுகளின் நடுவில் அங்கே சில்லறைத் தட்டுப்பாடு. கடைகளில் மிச்சக் காசுக்குப் பதிலாக இனிப்புக் கொடுத்தார்கள். (இங்கே இன்றைக்கும் மூன்று ரூபா மிச்சத்துக்கு ஒரு டொபி தருகிறார்களே, அதுவேதான். நான் ஒருநாள் அதே டொபிகளைச் சேர்த்துக் கொண்டுபோய்ச் சீனி கேட்டேன். முதலாளி ரசிக்கவில்லை.) சில்லறை இல்லாமல் போன் பெட்டி எப்படி ஓடும்? காசுப் பெட்டியை உடைக்கிறவர்களின் தொல்லை வேறு. 1976இல் அங்கே முற்பணம் கட்டின தொலைபேசி அட்டை வந்தது. ஐந்து வருடத்தில் இங்கிலாந்திலும் வந்தது. போன் பெட்டி உலகத்தில் இருந்து மறைந்ததற்குக் கைத்தொலைபேசிதான் பெரிய காரணம், அதைக் கள்ளரின் தலையில் நான் கட்டவில்லை. ஆனால் காசு ஓட்டையை அடைத்து அட்டை வெட்டை வைத்த நாளில் ஒரு விசயம் மாறியது. அதுவரைக்கும் தெருவில் போகிற எவரும், பொக்கற்றில் ஒரு குத்தி இருந்தால், ஒரு பெட்டியைத் திறந்து பேசலாம். அதற்குப் பிறகு முதலிலே எங்கேயோ ஒரு கடையில் முழு அட்டைக்கும் காசு கட்டியிருக்க வேண்டும்.

குழுவில் உள்ள ஐயாமார், அண்ணைமார், இப்போது உங்களோடு.

உங்கட திட்டத்தை வாசித்தேன். கார்டுக்கு முதலில் 500 ரூபா போட வேண்டும். பிறகு தேவைக்கு ஏற்றபடி கழியும். போன் உள்ளவர்கள் கியூஆரில் கட்டலாம். கேட்க நன்றாக இருக்கிறது. நாங்கள் எல்லாரும் சம்பளக்காரர், எங்களுக்கு 500 ரூபாவை முன்கூட்டிக் கட்டுவது ஒரு விசயமே இல்லை. ஆனால் கூழாவடிப் பக்கத்தில் இருந்து சைக்கிளில் இரண்டு கான் கட்டிக்கொண்டு வருகிற அந்த அக்காவை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடுகிறவர். நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் நிற்கிறார்கள். அவரிடம் இன்றைக்கு இருபது ரூபா இருக்கும், 500 ரூபா ஒரு நாளும் மொத்தமாக இருக்காது. இருபது ரூபா உள்ளவர் இருபது ரூபாவுக்குத் தண்ணி வாங்குகிற ஒரே வழி குத்திதான். ஒரு லீற்றர் போத்தல் கடையில் நூறு ரூபா. அவர் அதை வாங்க மாட்டார். திரும்பிப் போய், கேத்திலுக்குள் வெள்ளைப் படை படிகிற அந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். சிறுநீரக நோய்க்காரர் எத்தனை பேர் வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்குகிறார்கள் என்று தெரிந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார்டுக்குப் பெயர் வேண்டும். கியூஆருக்குப் போன் வேண்டும், கவரேஜ் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். குத்திக்கு ஒன்றும் வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளையின் கையிலும் அது பத்து ரூபா, எழுபது வயது அம்மம்மாவின் கொட்டப்பெட்டிக்குள்ளும் பத்து ரூபா. நீ யார், எந்த வாய்க்கால், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்காமல் தண்ணி ஊற்றுகிற சாமான் எங்கட ஊரில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

காசு எண்ணின அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்றேன். வாசர்களுக்கு நடுவில் ஒரு பத்து ரூபாக் குத்தி கிடந்தது. 2013இல் நாட்டின் 25 மாவட்டத்துக்கும் தனித்தனியாக அடித்த குத்திகளில் கிளிநொச்சிக் குத்தி. அது இலேசில் கையில் அகப்படாது. கிடைத்தவர்கள் அலுமாரிக்குள் வைத்திருப்பார்கள், வெளிநாட்டுக்காரர் கேட்டால் கூடக் கொடுக்க மாட்டார்கள். அதை ஒருவர் தண்ணிக்குப் போட்டிருக்கிறார். வேறு குத்தி இல்லாத நாளில்தான் போட்டிருப்பார். வாசரைத் தூக்கிக் காட்டி எல்லாரும் கோபப்பட்டீர்கள், நியாயம்தான். அந்தக் குத்தியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லுச் சொல்லவில்லை. கார்ட் வைத்தால் வாசர் போட்டவனுக்கு ஒன்றும் ஆகாது, அவனின் அப்பாவிடம் கார்ட் இருக்கும். அந்தக் குத்தியைப் போட்டவர்தான் வெளியில் நிற்பார்.

தண்ணிக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். 1990இல் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட பிறகு புத்தளத்து முகாமில் பவுசர் வரும் சத்தம் கேட்டால் வாப்பா வாளியோடு ஓடுவார். 2009இல் நீங்கள் மனிக்பாமில் நின்றீர்கள். அந்த வரிசையை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பொலிசுக்குக் கொடுக்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சட்டம் இருக்கிறதுதான். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் நாணயக் குற்றங்களுக்கு என்றே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காசு விசயத்தில் பகிடி விட மாட்டார்கள். குத்தியின் விளிம்பை நறுக்கி வெள்ளி சேர்க்கிற கள்ளரைத் தடுக்கத்தான் அவர்கள் விளிம்பில் கோடு வெட்டத் தொடங்கினார்கள். 1696இல் லண்டன் நாணயச் சாலைக்குப் பொறுப்பாகப் போன நியூட்டன், பௌதிகப் பாடத்தில் வருகிற அதே நியூட்டன்தான், கள்ளக் காசுக்காரரைத் துரத்தித் துரத்திப் பிடித்துத் தூக்குமரத்துக்கு அனுப்பினார். எங்களுக்கு அந்த நியூட்டன் வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறுவது என்றால் என்ன என்று வன்னியில் இருக்கிறவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்கு வேண்டியது வண்ணக்கர். அந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள், மட்டக்களப்புப் பக்கம் கோயில் நிர்வாகத்துக்குப் பொறுப்பானவரை வண்ணக்கர் என்றுதான் சொல்வார்கள். பழந்தமிழில் வண்ணக்கன் என்றால் காசை நோட்டம் பார்க்கிறவன். பொன்னா பித்தளையா, தேய்ந்ததா முழுசா என்று உரசிப் பார்த்துச் சொல்கிறவன். சங்கப் புலவர்கள் சிலரின் பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காசு பார்த்தவனின் பெயர் எப்படிக் கோயிலுக்குப் பொறுப்பானவரின் பெயராயிற்று என்று யோசித்தால், ஊர்ப் பொதுப் பெட்டியை யாரிடம் கொடுத்தார்கள் என்பது விளங்கும். (நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்கிற சிலேடையை எல்லா மேடையிலும் கேட்டுவிட்டோம், நான் விட்டுவிடுகிறேன்.)

எங்கட பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்த மத்யன் ஊராருக்கு அனுப்பப்பட்டவர் ஷுஐப் நபி. அந்த மக்களின் குற்றங்களில் தங்க, வெள்ளிக் காசின் விளிம்பை நறுக்குவதும் ஒன்று என்று பழைய விரிவுரையாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். எங்கட காசை நாங்கள் விரும்பியபடி செய்யக்கூடாதா என்று அவர்கள் நபியிடமே கேட்டார்களாம். இந்த வாதம் எனக்கு நல்ல பழக்கமான வாதம். பின்னூட்டத்தில் அதை நாலு பேர் எழுதியிருக்கிறார்கள்: "என்ட ரெண்டு ரூபாவை நான் அராவினா உங்களுக்கென்ன?" தம்பி, அராவிப் போட்டு சட்டைப் பையில் வைத்திரு, ஒன்றுமில்லை. அதைப் பத்து என்று சொல்லி நீட்டுகிற நேரத்தில் அது உன்ட காசு இல்லை.

சரி, நான் சொல்கிற வழி.

ஓட்டையை அடைக்க வேண்டாம். மின்சுருளால் உலோகம் பார்க்கிற காசு வாங்கி ஒன்று தனியாக விற்கிறார்கள், மெசின் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. அதற்கான செலவையும், கார்ட் முறைக்குக் குழு கேட்டு வாங்கின விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் காட்டுங்கள். கார்ட் வேண்டியவருக்குக் கார்ட் இருக்கட்டும், ஆனால் குத்தியும் இருக்க வேண்டும். மெசின் இப்போது மதில் மூலையில் இருட்டுக்குள் நிற்கிறது. தேநீர்க் கடைக்கு நேர் எதிரில், லைற் வெளிச்சத்துக்குக் கீழே திருப்பி வையுங்கள். ஆட்கள் பார்க்கிற இடத்தில் வாசர் போட எவனுக்கும் கை வராது. கிழமைக்கு ஒருக்கால் பெட்டியைப் பத்துப் பேருக்கு முன்னால் திறந்து எண்ணி, எத்தனை குத்தி, எத்தனை வாசர் என்று சனசமூக நிலையப் பலகையில் சோக்கால் எழுதுங்கள். காசு எங்கே போனது என்று குழுவைப் பற்றியும் சில முணுமுணுப்பு இருக்கிறது, அதற்கும் அது மருந்து.

வீடியோ போட்ட தம்பி என்னிடம் படிக்கிறவன் இல்லை, ஆனால் இதை வாசிப்பான். பெயர் எழுத மாட்டேன். அரத்தால் பதினொரு மூலையில்லாத குத்தியை மெசின் நம்புகிற அளவுக்குத் தேய்க்கத் தெரிந்த கைக்கு வேலை இருக்கிறது. அந்தத் தராசை எப்படி ஏமாற்றினாய் என்று கூட்டத்தில் வந்து எல்லாருக்கும் காட்டு. புதுக் காசு வாங்கி பூட்டுகிற அன்றைக்கு அதைச் சோதிக்க முதல் ஆளாக நீதான் நிற்க வேண்டும். உன்னைவிட நல்ல நோட்டக்காரன் இந்த ஊரில் இல்லை.

வெளிநாட்டு அண்ணைமாருக்கு ஒரு வேண்டுகோள். நூல் கட்டின காசுக் கதையை இந்தப் பதிவுக்குக் கீழே போட வேண்டாம். போட்டால் அழிப்பேன்.

கூட்டம் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, சனசமூக நிலையத்தில். காசு ஓட்டையை அடைக்க வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால், கூழாவடி, சிவநகர் ஆட்கள் சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாத நேரம் என்னிடம் வந்து கையெழுத்து வைக்கலாம். முகநூல் இல்லாத பக்கத்து வீட்டு அம்மாமாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள்தான் முதலில் வர வேண்டியவர்கள். கையெழுத்து வைக்கத் தெரியாவிட்டால் பெருவிரல் போதும், மை நான் கொண்டு வருகிறேன்.